சிக்கந்தரைத் திரும்பி வரவிடாதவர்

தொலைபேசியில் பேசும்போது கிளெம் ரடக்கின் வலது கட்டைவிரல் சும்மா இருக்காது. ரிசீவரின் பக்கவாட்டில், பொத்தான் எதுவும் இல்லாத வழவழப்பான இடத்தில், நகம் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டுதான் பேசுவார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் "ஓவர்" என்பார். அதற்குப் பிறகுதான் விரலை எடுப்பார். எடுத்துவிட்டால் எதிர்முனை பேசி முடிக்கும்வரை இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வார். குறுக்கே பேசுவது அவர் கணக்கில் கொலைக்கு ஒரு படி மட்டும் கீழே உள்ள குற்றம்.

இது தொலைபேசியோடு நின்றால் பரவாயில்லை. அவர் ஊரான டன்பாரில் இருப்பது ஒரே ஒரு மதுக்கடை. அங்கே தகராறு வந்தாலும் இதே கதைதான். "உன் லாரிய என் வேலிமேல ஏத்துனது நீதான். இல்லேன்னா நீ பொய்யன். ஓவர்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எதிராளி அரைமணி நேரம் திட்டினாலும் பொறுமையாகக் கேட்பார். திட்டுகிறவனுக்கே சலித்துப்போய் அவருக்கும் சேர்த்து ஒரு பியர் வாங்கி வருவான்.

இளவயதில் ஒரு பெண்ணிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதும், "என்னக் கட்டிக்கிறியா? ஓவர்," என்றுதான் கேட்டாராம். அவள் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. கடைசியில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு குயின்ஸ்லாந்து பக்கம் போய்விட்டாள். "சிரிச்சதுல தப்பில்ல," என்பார் கிளெம். "ஆனா அவ ஓவர் சொல்லவே இல்ல. அதான் இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்." ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது டன்பாருக்கும் பொருந்தும்.

நாற்பது வருஷம் அவர் கிரேடர் ஓட்டினார். மண்சாலையின் மேடு பள்ளங்களை வழித்துச் சமன் செய்கிற நீளமூக்கு மஞ்சள் வண்டி அது. பின்னால் ஒரு சின்ன கேரவனை இழுத்துக்கொண்டு வடக்கே போய், வழித்துக்கொண்டே திரும்பி வருவார். வந்து சேர்வதற்குள் முதலில் வழித்த இடம் மறுபடி குண்டும் குழியுமாகியிருக்கும். "இந்த வேலைல முடிவுன்னு ஒண்ணு இல்ல பாரு, அதான் எனக்குப் புடிச்சுது," என்று ஓய்வு பெற்ற அன்று சொன்னார். முடிவு என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது.

ஊருக்குக் கிழக்கே, உப்பு ஏரியின் கரையில், பழைய தண்ணீர்த் தொட்டித் தகரங்களைத் தட்டி இணைத்த ஒரு படகு நிற்கிறது. நடுவில் கொடிக்கம்பம். ஏரி என்று பெயரே தவிரப் பெரும்பாலான வருஷங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்புதான். இருந்தும் குளிர்காலம் வந்துவிட்டால் குழந்தைகளைப் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு வண்டிகள் வரிசையாக வரும். 'சிக்கந்தரின் படகு' என்ற புத்தகத்தைக் கேட்காமல் தூங்கிய குழந்தை இந்த நாட்டில் குறைவு. கடல்கடந்து வந்து சரக்கு சுமந்த ஒட்டகக்காரர்கள் லாரி வந்ததும் தொழிலை விட்டுப் போனபோது விட்டுச்சென்ற சிக்கந்தர் என்ற கிழட்டு ஒட்டகம், காய்ந்த ஏரிக்குள் கடல் ஒளிந்திருக்கிறது என்று நம்புகிறது. அதற்குப் படகு கட்டுகிறார்கள் குழந்தைகள். ஆளுக்கு ஒரு பொருள் கொடுக்கிறார்கள். நிலா வந்ததும் உப்பெல்லாம் தண்ணீராகிறது. ஒட்டகம் ஏறிப் போகிறது. திரும்பி வருவதில்லை.

அந்தக் கடைசிப் பக்கத்தில் அழாத குழந்தை கிடையாது. அழுதுவிட்டு மறுநாள் மறுபடி அதையே படிக்கச் சொல்லும். அப்படி அழுத குழந்தைகள்தான் வளர்ந்து, பெற்றவர்களாகி, தங்கள் பிள்ளைகளை இங்கே அழைத்து வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்காக எதையாவது படகில் போட்டுவிட்டுப் போகும். ஸ்பூன், பொத்தான், ஒற்றைச் செருப்பு, பொம்மைக் கார், விழுந்த பல். கொடிக்கம்பத்தில் ரிப்பன் கட்டும். பருவம் முடிந்ததும் படகைக் காலி செய்வது கிளெமின் வேலை. யாரும் அவரை நியமிக்கவில்லை. அங்கே போகிற சாலையை வழித்துக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எதையும் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. ரயில் நின்றுபோனபின் காலியான ரயில்வே வீடு ஒன்றில் குடியிருக்கிறார். அதன் பின்கட்டு முழுக்க ஸ்பூனும் பொம்மையும்தான். வெயிலில் வெளுத்த ரிப்பன்களை மட்டும் எரித்துவிடுவார். சிவப்பாக இருந்தால் அதையும் வைத்துக்கொள்வார்.

ஒட்டகத்தை அவருக்குப் பிடிக்காது. சாலையோரம் காட்டு ஒட்டகக் கூட்டம் தென்பட்டால், "அந்தா போறானுங்க பாரு, சிக்கந்தரோட பேரனுங்க, வெக்கங்கெட்டவனுங்க," என்று துப்புவார். புத்தகத்தை அவர் படித்ததும் இல்லை. டோனாவின் சாலைக்கடையில் பெட்ரோல், கறி அடைத்துச் சுட்ட மீட் பை, படுக்கை இவற்றோடு அந்தப் புத்தகமும் விற்பனைக்கு இருக்கிறது. டீ குடிக்க உட்காரும்போது மேஜைமேல் ஒரு பிரதி கிடந்தால் அட்டைப்படம் தெரியாமல் கவிழ்த்து வைத்துவிடுவார். டோனா வந்து நிமிர்த்தி வைப்பாள். அவர் மறுபடி கவிழ்ப்பார். டோனாவுக்கு ஐம்பது வயது. அவரை அவள் கூப்பிடுவது "பெரிசு" என்றுதான்.

அந்தக் கதை புத்தகத்தில் பிறந்ததல்ல. வானொலியில் பிறந்தது. வானொலி என்றால் பாட்டுப் பெட்டி அல்ல. அந்தக் காலத்தில் பண்ணைக்கும் பண்ணைக்கும் நூறு மைல், இருநூறு மைல். வீட்டுக்கு வீடு ஒரு கம்பியில்லாப் பெட்டி. கீழே சைக்கிள் மாதிரி பெடல் இருக்கும். ஒருவர் மிதிக்க வேண்டும், இன்னொருவர் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். அழுத்தினால் பேசலாம், கேட்க முடியாது. எடுத்தால் கேட்கலாம், பேச முடியாது. நோய் நொடி சொல்லி விமானத்தில் டாக்டரை வரவழைப்பதற்கும் தந்தி அனுப்புவதற்கும்தான் அது. அந்த வேலையெல்லாம் முடிந்தபின் சாயங்காலம் கொஞ்ச நேரம் பண்ணைப் பெண்கள் ஊர்க்கதை பேச விடுவார்கள். மரத்தில் அடையும் ரோஜாநிறக் கிளிகள் போடுகிற சத்தத்தை வைத்து அந்த நேரத்துக்குக் கிளிக்கூச்சல் என்று பெயர். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் புருஷன் குடித்துவிட்டு எங்கே விழுந்தான் என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் கேட்கும். அதற்கு ஒரு நாகரிகம் இருந்தது. உன்னிடம் சொல்லாத ஒன்று காதில் விழுந்தால், விழாத மாதிரி இருந்துவிட வேண்டும்.

ஒரு வருஷம் கக்குவான் இருமல் பரவியது. பண்ணைதோறும் பிள்ளைகள் கட்டிலில். தொண்டையைக் கிழிக்காமல் அவர்களைச் சாயங்காலம் அமைதியாக வைத்திருக்க யாராவது வழி சொல்லுங்கள் என்று டாக்டரே கேட்டார். மிசஸ் பாஸ்காம் என்ற பண்ணை மேலாளரின் மனைவி, "நான் ஏதாவது சொல்றேனே," என்றார். அவருக்குக் குழந்தை இல்லை. கதை சொல்லியும் பழக்கமில்லை. முதல் நாள் என்ன சொல்வதென்று தெரியாமல், சமையலறை வாசலில் பாத்திரம் கழுவின தண்ணீரைக் குடிக்க வந்து நின்ற ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னார்.

"அது இப்ப என்ன பண்ணுது? ஓவர்," என்றது எங்கோ ஒரு பிள்ளை.

"ஏரியப் பாத்துக்கிட்டு நிக்குது கண்ணு. ஓவர்."

"எதுக்குப் பாக்குது? ஓவர்."

"கடல்னு நெனச்சுக்கிட்டிருக்கு போல. ஓவர்."

"அப்ப அதுக்குப் படகு வேணுமே. எங்க வீட்ல ஓட்டைத் தொட்டி ஒண்ணு இருக்கு, தர்றேன். ஓவர்."

அவ்வளவுதான் ஆரம்பம். மறுநாளிலிருந்து முறைவைத்து ஒவ்வொரு பண்ணைப் பிள்ளையும் கதைக்குள் ஒரு பொருள் கொடுத்தது. ஒருத்தன் வாசல் கேட்டைக் கொடுத்தான். ஒருத்தி அவள் அம்மாவுக்குத் தெரியாமல் மேஜைவிரிப்பைப் பாய்மரத்துக்குக் கொடுக்க, அம்மா அதே அலைவரிசையில் வந்து சண்டை போட்டாள். அதுவும் கதையில் சேர்ந்தது. கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கக் கூடாது, சொன்னதை மாற்றக் கூடாது, தன் முறை வராமல் வாய் திறக்கக் கூடாது. மூன்றே விதி.

கால்டர் பண்ணையில் இரண்டு பிள்ளைகள். எனிட்டுக்குப் பன்னிரண்டு வயது, கிளெமுக்கு ஆறு. கிளெம் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். தம்பியைக் குளிப்பாட்டியதும், எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும், இருமலில் முதுகை நீவிவிட்டதும் எனிட்தான். அப்பா ஜாக் ரடக் நல்ல மனிதர், ஆனால் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். சாயங்காலம் அவர் பெடல் மிதிப்பார். எனிட் தன் முறைக்குத் தலையிலிருந்த சிவப்பு ரிப்பனைப் படகுக்குக் கொடியாகக் கொடுத்தாள். அன்றைக்கு நிஜமாகவே அதை அவிழ்த்து ஒலிவாங்கியில் கட்டிவிட்டாள்.

படகு முடிகிற சமயத்தில் எனிட்டின் பயணமும் முடிவானது. அடிலெய்ட் நகரத்தில் விடுதிப் பள்ளிக்கூடம். கிளெமிடம் யாரும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டியைப் பார்த்து அவனாகவே தெரிந்துகொண்டான். அதன்பின் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

கதையின் கடைசிச் சாயங்காலம், மறுநாள் காலை தபால் லாரி வந்து எனிட்டை ஏற்றிக்கொண்டு போகப்போகிறது. கடைசிக் கேள்வியை எல்லாப் பண்ணைகளிலும் சேர்த்து வயதில் சின்னப் பிள்ளைக்குத்தான் தரப்போவதாக மிசஸ் பாஸ்காம் சொல்லியிருந்தார். அது கிளெம்.

"கிளெம் கண்ணு, சிக்கந்தர் படகுல ஏறிட்டான். தண்ணி வந்துருச்சு. நீ சொல்றதுதான். அவன் திரும்பி வரணுமா, வேண்டாமா? ஓவர்."

அப்பா மிதித்துக்கொண்டிருந்தார். எனிட் பின்னால் நின்று அவன் தோளில் கை வைத்தாள். கிளெம் தோளைக் குலுக்கிக் கையை உதறினான். பொத்தானை அழுத்தினான்.

"வர வேணாம். போறவங்க போகட்டும்."

ஓவர் சொல்லவில்லை. கட்டைவிரலை எடுக்கவும் இல்லை. எடுத்தால் மிசஸ் பாஸ்காமின் பதில் வரும், கதை முடியும், விடியும், லாரி வரும். அழுத்திக்கொண்டே இருந்தால் எதுவும் வராது என்று ஆறு வயது மூளைக்குத் தோன்றியது. ஆனால் அழுத்திய பொத்தான் அந்த அறையில் நடந்ததையெல்லாம் நாடு முழுக்கக் கொண்டுபோனது. எனிட் குனிந்து அவன் காதோரம் சொன்னதையும் கொண்டுபோனது.

"நான் வந்துடுவேன் கிளெம். கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்டா. என்னப் பாரு. ஒரு தடவ பாரு."

அவன் திரும்பவில்லை. காதில் விழாத மாதிரியே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அப்பா மிதிப்பதை நிறுத்தினார். வானொலி செத்தது.

பண்ணைப் பெண்கள் எல்லோரும் எனிட் சொன்னதைக் கேட்டார்கள். கேட்டவர்கள் கிளிக்கூச்சலின் நாகரிகப்படி ஒருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. மிசஸ் பாஸ்காமும் அப்படித்தான். இரண்டு வருஷம் கழித்து அவர் கதையைப் புத்தகமாக்கினார். முறை வந்த பிள்ளை சொன்னதை மாற்றக் கூடாது என்ற விதியை மதித்து, சிக்கந்தரைத் திரும்பாமல் அனுப்பினார். முறை வராத பெண் சொன்னதை மரியாதையாக விட்டுவிட்டார். இப்படித்தான் கிளெம் ரடக்கின் கோபம் அச்சாகிப் பெட்டிக்கடைவரை வந்து, இத்தனை வருஷமாக ஊரார் பிள்ளைகளை அழவைத்துக்கொண்டிருக்கிறது.

எனிட் சொன்ன சொல் தவறவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தாள். லாரியின் புழுதி தூரத்தில் தெரிந்ததுமே கிளெம் தண்ணீர்த் தொட்டியின் மேடைமீது ஏறிப் படுத்துக்கொண்டான். பள்ளித் தொப்பியோடு அவள் முற்றமெல்லாம் அவன் பேரைச் சொல்லித் தேடுவதை மேலிருந்து பார்த்தான். குரல் கொடுக்கவும் இல்லை, மேடையிலிருந்து இறங்கவும் இல்லை. இருட்டியபின் பசி தாங்காமல் வந்தான். தலையணையில் அவள் வாங்கி வந்த மவுத் ஆர்கன் இருந்தது. அதைத் தொடவில்லை. அந்த விடுமுறை முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிவாதத்தில் அவன் அப்பாவையே மிஞ்சினான்.

அடுத்த விடுமுறைக்குத் தோழி வீட்டுக்குப் போவதாகத் தகவல் வந்தது. அதற்கடுத்ததற்கும் அப்படியே. தபால் லாரிக்காரரிடம் அப்பா, "அதுக்கென்ன, போறவங்க போகட்டும்," என்று சொன்னதைக் கிளெம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டான். தன் சொல்லையே அப்பா வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று அவனுக்குத் தெரிந்தது. எனிட் நர்ஸ் ஆனாள், அடிலெய்டிலேயே கல்யாணம், பிள்ளைகள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவள் அன்றைக்கே திரும்பிவிட்டாள்.

கிளெம் போய்ப் பார்த்திருக்கலாம். சாலை போடுகிறவருக்குச் சாலை தெரியாதா? கேட்டால், "டவுனுக்குள்ள வண்டி ஓட்ட எனக்கு வராது," என்பார். ஒருமுறை எனிட்டின் புருஷன் இறந்தபோது கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடிலெய்டுக்குப் போகிற வழியில் உள்ள போர்ட் அகஸ்டாவரை போய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் டீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டார். அந்தக் கோட்டை ஊர் அதற்குமுன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு எனிட்தான் ஆரம்பித்தாள். ஞாயிறு மத்தியானம் டோனாவின் கடைக்குப் போன் வரும். கைபேசி டன்பாரில் எடுக்காது. மழை உண்டா, முட்டி வலி எப்படி, அந்த நாய் இன்னும் இருக்கிறதா. தம்பி "ஓவர்" சொல்லும்வரை அவளும் காத்திருந்துதான் பேசுவாள். கேலியாக ஆரம்பித்தது, பழகிவிட்டது. படகைப் பற்றி இருவரும் பேசியதில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். என்றாலும் அந்த வாலைக் கிளெம் ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

"அவன் திரும்பி வந்திருந்தான்னா, புள்ளைங்க அன்னிக்கே புத்தகத்த மூடி வச்சுட்டு மறந்துருக்கும் பெரிசு," என்று டோனா ஒருநாள் சமாதானம் சொன்னாள். "வரலேன்னுதான் எல்லாம் வந்து கரைல நின்னு பாக்குதுங்க. நீ சொன்னதுதான் ஊருக்கே சோறு போடுது."

"ஊருக்குச் சரி. ஓவர்," என்றார் கிளெம்.

இந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. வடக்கே குயின்ஸ்லாந்தில் எப்போதோ கொட்டிய மழை, மாதக்கணக்கில் நடந்து வந்து, ஒரு காலையில் படகின் அடியைத் தொட்டது. எங்கிருந்தோ கூழைக்கடாக்கள் இறங்கின. கிளெம் தார் டின்னும் தகரத் துண்டுமாகப் படகே கதி என்று கிடந்தார். ஓட்டை ஒன்றா இரண்டா?

"யாருக்குப் பெரிசு இவ்ளோ தாரு? ஒட்டகம் எதுவும் கேட்டு வந்துச்சா?" என்றாள் டோனா.

"புள்ளைங்க வந்து ஏமாறக் கூடாதுல்ல. ஓவர்."

போன ஞாயிறு காலையில் ஒரு சிறுமி வந்தாள். பத்து, பதினோரு வயது இருக்கும். இடுப்பில் அவளுக்குப் பாரமான ஒரு தம்பி. அவனை இறக்கிவிட்டு, பையிலிருந்த பாட்டில் மூடியைப் படகில் போடச் சொன்னாள். தம்பி போட்டுவிட்டு, தார் பூசிக்கொண்டிருந்தவரிடம், "சிக்கந்தர் எப்ப வந்தான்?" என்று கேட்டான்.

எல்லாப் பிள்ளைகளும் கேட்பது ஏன் வரவில்லை என்று. அதற்குக் கிளெமிடம் தயாராக ஒரு பதில் உண்டு. 'அந்தப் பக்கம் தண்ணி ருசியா இருந்துச்சாம்.' எப்ப வந்தான் என்று கேட்ட பிள்ளை இதுதான் முதல். அவர் விழிப்பதைப் பார்த்து அக்காக்காரி கண்ணைக் காட்டினாள். பிறகு கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"கடைசிப் பக்கத்த நான் மாத்திப் படிச்சுடுவேன் தாத்தா. வந்துட்டான்னு படிச்சுடுவேன். இல்லேன்னா இவன் அழுதுகிட்டே கெடப்பான். இவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது."

"படிக்கத் தெரிஞ்சப்புறம்? ஓவர்."

அவள் அந்த ஓவருக்குச் சிரித்தாள். "அதுக்குள்ள பெரியவனாயிடுவான்ல. தாங்கிக்குவான்."

கிளெம் பிரஷ்ஷை டின்னில் வைத்தார். "தாங்கிக்க மாட்டாம்மா," என்றார். "நீ அப்பவும் மாத்தியே படி. ஓவர்."

கையில் தார் காயாமல்தான் மத்தியானம் கடைக்கு வந்தார். வாடிக்கையான மீட் பையைப் பாதியில் வைத்துவிட்டார். மணி அடித்தது. டோனா எடுத்து, "பெரிசு, உங்க அக்கா," என்று ரிசீவரை நீட்டினாள். குரலைக் கேட்டு அவள் முகம் மாறியிருந்தது.

"கிளெம் பேசுறேன். கேக்குதாக்கா? ஓவர்."

"நல்லாக் கேக்குதுடா." குரல் நூலாக இருந்தது. "சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ? ஓவர்."

"சூப்புதான். அதையும் ஊட்டிவிடுறாங்க. ஏரில தண்ணியாமே? டிவில காட்டுனான். படகு மிதக்குதாடா?"

போனில் அவள் படகு என்ற சொல்லை எடுத்தது இதுதான் முதல்முறை. "அடில தண்ணி வந்துருச்சு. ஓட்டைய அடைச்சுக்கிட்டிருக்கேன். இன்னும் ரெண்டு நாள்ல மிதக்கும். ஓவர்."

"நேத்து டாக்டர் வந்து உக்காந்து பேசுனாரு கிளெம். நின்னுக்கிட்டுப் பேசுனாருன்னா ஒண்ணுமில்ல. உக்காந்தாருன்னா விஷயம் இருக்குன்னு அர்த்தம். நானே எத்தன பேர் கட்டில்கிட்ட டாக்டருக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கேன்."

"என்ன சொன்னாரு? ஓவர்."

"கெளம்பச் சொல்லியாச்சு. இந்தத் தடவ பெட்டிகூட வேணாமாம்."

கடையில் பெட்ரோல் போட வந்தவன் ஏதோ கேட்க, டோனா கையைக் காட்டி அவனை வெளியே நிறுத்தினாள்.

"டேய், இருக்கியா? அங்க நின்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத." அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கியபின் சொன்னாள். "நீதான சொன்ன. போறவங்க போகட்டும்னு."

அவர் கட்டைவிரல் ரிசீவரை அழுத்தியது. நகம் வெளுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த தார் கறுப்பாகத் தெரிந்தது. தொட்டி மேடை, மவுத் ஆர்கன், போர்ட் அகஸ்டாவில் ஆறிப்போன டீ, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு அது உனக்குத்தான் சொன்னேன்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா சொல்ல வந்தது அது இல்ல. நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. வந்துடுன்னுதான் சொல்லணும்னு இருந்தேன். சிக்கந்தர் திரும்பி வரணும். நீயும் வரணும்."

வழக்கம்போல அவள் காத்திருந்தாள்.

"ஓவர்," என்றார் கிளெம்.

விரல் உடனே எழவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத்தான் ரிசீவரிலிருந்து விலக்கினார். விலக்கிய விரலை அப்படியே காற்றில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி, காது கொடுத்து நின்றார்.